ஒன்பதாம் பக்கத்து ஓட்டை

2012 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை, அர்ஜென்டினாவின் ரொசாரியோ நகரம். இருபத்து நான்கு ஆண்டுகளாக இதே தேதியில், உள்ளூர் நாளிதழ் ஒன்றின் ஒன்பதாம் பக்கத்தில் வந்துகொண்டிருந்த ஓர் அறிவிப்பு அன்று வரவில்லை.

காலை பத்து மணிக்கு அந்த நாளிதழின் விளம்பர கவுண்டர் முன்னால் அக்காவும் தம்பியும் நின்றிருந்தார்கள். மரிசாவுக்கு முப்பத்தெட்டு வயது, டாமியானுக்கு முப்பத்தாறு. அவள் கையில் பழைய பிஸ்கட் டப்பா ஒன்று இருந்தது.

"அறிவிப்பு போடறவ செத்திருப்பா. நாம ஒரு வருஷம் லேட்டு," என்றான் டாமியான்.

"வாயை மூடு. எல்சா பெரியம்மாவுக்கு உடம்பு முடியாம இருக்கும். இந்த ஆகஸ்ட் குளிர்ல வயசானவங்க யாரு வெளியே வருவாங்க?"

டப்பா போன வாரம்தான் கிடைத்தது, மார்ச்சில் இறந்துபோன அம்மாவின் தையல் மெஷின் மேசைக்குள். உள்ளே இருபத்து நான்கு பத்திரிகைத் துண்டுகள். எல்லாவற்றிலும் ஒரே புகைப்படம்: லிலியானா, ஒராசியோ என்ற இளம் தம்பதி.

ராணுவ ஆட்சி நடந்த 1976-இல், ஆகஸ்ட் 14 அன்று, ராணுவத்தினர் அவர்களை வீட்டிலிருந்து கொண்டுபோனார்கள். கூடவே இரண்டு வயதுப் பெண்ணையும் மூன்று மாத ஆண் குழந்தையையும். யாரும் திரும்பவில்லை. பெண்ணின் இடது புருவத்தில் தழும்பு உண்டு. எல்லா அறிவிப்பும் 'உன் அக்கா எல்சா' என்று முடிந்தது.

மரிசாவின் இடது புருவத்தில் தழும்பு இருந்தது. படத்திலிருந்த ஒராசியோவின் பிளந்த மோவாய் அப்படியே டாமியானுடையது. அறிவிப்பில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்தபோது ஒரு டயர் கடைக்காரர் எடுத்தார்; எல்சா என்று யாரையும் தெரியாது என்றார்.

சிறு வயதில் வருடத்துக்கு ஒருநாள் வீட்டுப் பேப்பரில் சதுரமாக ஓர் ஓட்டை இருக்கும். கேட்டால், "கேக் செய்முறைடா, வெட்டி வெச்சேன்," என்பாள் அம்மா. அந்தக் கேக்கை அவர்கள் ஒருநாளும் தின்றதில்லை.

"திருடி," என்றான் டாமியான். "அப்பா போலீஸ்காரர், நம்மளை எங்கேருந்தோ தூக்கிட்டு வந்தார். இவ நம்ம கண்ணுல படாம வெட்டி ஒளிச்சா."

"ஒளிக்கணும்னா எரிச்சிருக்கலாமே? எதுக்கு டப்பாவுல அடுக்கி வெச்சா?"

அம்மாவின் சவப்பெட்டியை முன்பக்கம் பிடித்தவன் டாமியான். மரண அறிவிப்பை எழுதியவள் மரிசா. அடக்க நிறுவனத்துக்காரர் வாங்கிக்கொண்டு போய் இதே பத்திரிகையில் போட்டார். அதில் 'அன்புப் பிள்ளைகள்' என்று எழுதியதை இப்போது அடித்துவிடத் தோன்றியது அவளுக்கு.

அவள் டப்பாவிலிருந்து 2004-ஆம் ஆண்டுத் துண்டை எடுத்தாள். "இதை மறுபடியும் படி."

'லிலியானா, உன் மகனுக்கு இந்த வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்திருக்கும். அதற்கும் அதே மோவாய்தான்.'

டாமியானின் மகளுக்கு எட்டு வயது.

"பெரியம்மா நம்மளைப் பார்த்துக்கிட்டேதான் இருந்திருக்கா, டாமி. எங்கேயோ பக்கத்துலயே இருந்திருக்கா."

"அப்ப ஏன் ஒருநாள்கூட வந்து கதவைத் தட்டல?"

"அதைத்தான் அவகிட்டக் கேக்கணும். உயிரோட இருக்கறப்பவே கேக்கணும்."

கவுண்டருக்குப் பின்னால் விளம்பர எழுத்தர் ஓஸ்வால்டோ, மாத்தே என்ற மூலிகைத் தேநீரைக் குடுக்கையிலிருந்து உறிஞ்சியபடி வந்து உட்கார்ந்தார். முப்பது வருடமாக அதே நாற்காலி. டாமியானின் மஞ்சள் நீலக் கால்பந்து கிளப் மப்ளரைப் பார்த்தார்.

"முதல்ல அதைக் கழட்டுங்க தம்பி. ரெண்டாம் டிவிஷன்ல உருள்றவங்களுக்கு இந்தக் கவுண்டர்ல சேவை கிடையாது."

டாமியான் சிரிக்கவில்லை. மரிசா துண்டை நீட்டினாள். "இந்த எல்சா அம்மாவைப் பார்க்கணும் சார். முகவரி வேணும். நாங்க... சொந்தக்காரங்க."

ஓஸ்வால்டோ குடுக்கையைக் கீழே வைத்தார். "எல்சாவா? அவங்க போய்ச் சேர்ந்து பதினெட்டு வருஷம் ஆச்சேம்மா. தொண்ணூத்தி நாலு, ஜூன் மாசம்."

மரிசா 2011-ஆம் ஆண்டுத் துண்டை எடுத்துக் காட்டினாள். "போன வருஷம்கூட அறிவிப்பு வந்திருக்கே?"

"வந்துது. எல்சா தவறின வருஷம், இனிமே யாரு வரப்போறான்னுதான் நானும் நெனச்சேன். ஆகஸ்ட் பொறந்ததும் ஒரு அம்மா வந்தாங்க. 'நிறுத்திடாதீங்க, எல்சா பேர்லயே போடுங்க'ன்னாங்க. அதுலேர்ந்து வருஷா வருஷம் அவங்கதான். கைப்பட எழுதிக் கொண்டு வருவாங்க. குடுத்துட்டு ஓடிருவாங்க, ஒரு வாய் மாத்தே குடிங்கன்னா கேக்க மாட்டாங்க."

"அப்ப எங்களைத் தெரிஞ்சது அவங்களுக்குத்தான்," என்றான் டாமியான். முதல் முறையாக அவன் குரல் உயர்ந்தது. "அவங்க எங்க இருக்காங்க?"

"அவங்களும் இல்லப்பா. மார்ச்சுல தவறிட்டாங்க. மரண அறிவிப்புப் பக்கத்துல பேரைப் பார்த்துட்டு நானே அதிர்ந்துபோனேன். அதான் இந்த வருஷம் யாரும் வரல."

அவர் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை இறக்கினார். போன வருடத்துத் தாளைத் தேடியெடுத்து, மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கீழே எழுதியிருந்த பெயரைப் படித்தார். இருவரின் முகத்தையும் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது.

"நெலிடா பார்சொட்டி. ரெண்டு பிள்ளைங்க, மரிசா, டாமியான்னு அறிவிப்புல போட்டிருந்தாங்க. அவங்களைப் போய்க் கேட்டுப் பாருங்க."