ஆளுக்குப் பத்து நிமிஷம்

“கள்ள ஓட்டு! பட்டப்பகல்ல கள்ள ஓட்டு!”

மேலாளர் மேஜையில் தட்டிய தட்டில் காபி தளும்பியது. எதிரில் நின்றவளுக்கு ஆபீஸ் வைத்த பெயர் குடைச்சல். பிரவுசரில் எங்கே கோளாறு என்று குடைந்து குடைந்து கண்டுபிடிப்பது அவள் வேலை. பெயர்ப் பொருத்தத்தில் குறையில்லை.

அவர்கள் கம்பெனி பிரவுசரில் அடுத்த வருஷம் எந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்வது என்று உபயோகிப்பவர்களிடமே ஓட்டு கேட்டிருந்தார்கள். ஒரு பெயருக்கு ஒரே ஓட்டு. முதலில் வருவதற்குத்தான் ஆளும் நேரமும். மற்றதெல்லாம் கிடப்பில்.

‘பழைய கம்ப்யூட்டரிலும் தொடர்ந்து ஓட வேண்டும்’ என்பதற்கு இருநூற்றொரு ஓட்டு. ‘கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லும் உதவியாளர் வேண்டும்’ என்பதற்கு நூற்றெண்பத்தெட்டு.

“பழசைக் கட்டிக்கிட்டு அழ எவன் ஓட்டுப் போடுவான்? உதவியாளர்தான் காலத்தின் கட்டாயம்னு நான் மேலிடத்துல சொல்லியாச்சு. இங்க பாரு, அறுபத்திரண்டு ஓட்டு ஒரே கம்ப்யூட்டர்லேர்ந்து வந்திருக்கு. எவனோ ஒருத்தன் உக்காந்து பேரை மாத்தி மாத்திக் குத்தியிருக்கான்!”

“அப்படித்தான் தெரியுது சார்.”

“நல்லா சோதிச்சு, கள்ள ஓட்டையெல்லாம் கழிச்சுட்டு சாயங்காலத்துக்குள்ள கொண்டா. நேர்மைன்னு ஒண்ணு இருக்குல்ல?”

ஏமாற்றுகிறவன் மேல் அவளுக்கும் கோபம்தான். அந்தக் கோபத்தோடுதான் பட்டியலைத் திறந்தாள். கொஞ்ச நேரத்திலேயே குழம்பிப் போனாள்.

ஓர் ஓட்டுக்கும் அடுத்த ஓட்டுக்கும் நடுவில் ஏறக்குறையப் பத்து நிமிஷம். அத்தனையும் மாலை நாலு மணியிலிருந்து ஆறுக்குள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்றுகூட இல்லை. வார விடுமுறை எடுத்துக்கொண்டு கள்ள ஓட்டுப் போடும் ஆளை அவள் கேள்விப்பட்டதே இல்லை.

‘காரணம்’ என்ற கட்டத்தைப் பார்த்தால் தலை இன்னும் சுற்றியது. வெளியூரில் இருக்கும் மகன் முகத்தைப் பார்க்க, என்று ஒன்று. வேலைக்கு மனுப் போட, என்று ஒன்று. இன்னொருவர் ‘சதுரங்கம்’ என்று ஒரே வார்த்தையோடு நிறுத்திக்கொண்டிருந்தார்.

ஒரே ஆள் இத்தனை வேஷம் கட்ட முடியுமா? முடிகிறவன் நாடகக் கம்பெனிக்கல்லவா போயிருப்பான்?

யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம். முதல் ஓட்டோடு ஒரு போன் நம்பர் இருந்தது. அடித்தாள்.

“நூலகம். நூலகர் பேசறேன், சொல்லுங்கம்மா.”

குடைச்சல் தான் யாரென்று சொன்னாள். “உங்க கம்ப்யூட்டர்லேர்ந்து அறுபத்திரண்டு ஓட்டு வந்திருக்கு மேடம். போட்டது யாரு?”

“அறுபத்திரண்டு பேரும்தான்மா.” நூலகருக்குக் கேள்வியே புரியவில்லை. “இங்க இருக்கிறது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதுவும் அரதப் பழசு. நாலு மணிக்கு வரிசை நிக்கும். ஆளுக்குப் பத்து நிமிஷம். போன வாரம் திரையில, அடுத்த வருஷத்திலேர்ந்து இந்த மெஷின்ல பிரவுசர் ஓடாமப் போகலாம்னு ஒரு அறிவிப்பு வந்துச்சு. எது வேணும்னு ஓட்டுப் போடுங்கன்னும் கேட்டிருந்துச்சு. அவங்கவங்க பத்து நிமிஷத்துல பாதியை இதுக்கே கொடுத்துட்டாங்க. ஏம்மா, தப்பா?”

“இல்ல... தப்பில்ல மேடம்.”

“நான் போடலைம்மா. வேணும்னா பார்த்துக்குங்க. எப்படிப் போடறதுன்னு சொல்லிக்கொடுக்கிறவளே போட்டா நல்லாவா இருக்கும்?”

போனை வைத்த குடைச்சலுக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் பிரவுசருக்குக் கம்ப்யூட்டரை எண்ணத் தெரியும். அதன் முன்னால் வரிசையில் நிற்கிறவர்களை எண்ணத் தெரியாது. அதைச் சோதித்து, எல்லாம் சரி என்று அனுப்பி வைத்தவளே அவள்தான்.

ஒரு பக்கத்தைக் குடைந்தாயிற்று, இன்னொரு பக்கத்தை விடுவானேன் என்று உதவியாளருக்கு விழுந்த ஓட்டுகளையும் திறந்தாள். பார்த்தாள். நம்ப முடியாமல் மறுபடியும் முதலிலிருந்து பார்த்தாள்.

சாயங்காலம் மேலாளர் அறையில் நின்றாள்.

“என்ன, கழிச்சாச்சா?”

“கள்ள ஓட்டு கிடைச்சிடுச்சு சார். எழுபத்தி நாலு.”

“பார்த்தியா! அறுபத்திரண்டுன்னு நினைச்சோம், இன்னும் பன்னெண்டு ஒளிஞ்சிருக்கு!” மேலாளர் உற்சாகமாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அது வேற சார். அங்க ஒரு கம்ப்யூட்டர், அறுபத்திரண்டு ஆள். இது எழுபத்தி நாலு கம்ப்யூட்டர், ஒரே ஆள்.”

“அதெப்படி? என்னைக் குழப்பாதே.”

“நானும் காலையிலேர்ந்து குழம்பிட்டுத்தான் இருந்தேன் சார். எல்லா ஓட்டும் உதவியாளருக்கு. எல்லாம் செவ்வாய்க்கிழமை பத்தேகால்லேர்ந்து பத்தரைக்குள்ள. எல்லாத்துலயும் காரணம் ஒண்ணேதான். ‘காலத்தின் கட்டாயம்’.”

மேலாளர் கை காபிக் கோப்பையோடு பாதியில் நின்றது.

அவள் தன் செல்போனை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு ஆபீஸ் குழுவில் அவரே போட்ட செய்தி. ‘எல்லாரும் உதவியாளருக்கு ஒரு ஓட்டுப் போட்டுட்டு டீக்குப் போங்க. காரணம் கீழே இருக்கு, அப்படியே ஒட்டிடுங்க.’

“முதல்ல என் ஓட்டைக் கழிச்சிடறேன் சார்” என்றாள் குடைச்சல்.