சரிபார்த்தவன் வீட்டு வண்டி

பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போடுகிறவன், தான் பாஸ் செய்த கார்களில் ஒன்றைக் குடும்பத்தோடு ஓட்ட வேண்டும் என்று சட்டம் வந்தபோது, பந்தயக் கார்த் தொழிற்சாலையில் பிரேக் சோதிக்கிற நானும் கைதட்டினேன். பந்தயக் கார் ஓசியில் கிடைத்தால் யாருக்குக் கசக்கும்?

குலுக்கலில் சிவப்பு வண்டி வந்தது. மணிக்கு நானூறு கிலோமீட்டர் போகுமாம். ஒரகடத்தில் எங்கள் தெருவே கூடிவிட்டது. நான் மட்டும் குனிந்து, பிரேக்கில் பொறித்திருந்த சோதனைத் தேதியைப் பார்த்தேன். போன ஆயுத பூஜை.

அன்று சோதனை இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டிருந்தோம். மறுநாள்வரை அதை ஓட்டக் கூடாது. நாற்பது கார்களோ அன்றே வெளியே போக வேண்டும். தேங்காய் வாங்குகிறவனைப்போல ஒவ்வொரு பிரேக்கையும் விரலால் சுண்டிப் பார்த்தேன். நாற்பதும் நன்றாகத்தான் ஒலித்தன.

என் மனைவி தில்லைநாயகி சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, மகளை மடியில் இருத்திக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள்.

"எடுங்க, அம்மா வீடு வரைக்கும் போயிட்டு வரலாம்."

"இன்னிக்கு அஷ்டமி, வேணாம்."

"அஷ்டமி நேத்தே முடிஞ்சிருச்சு. நீங்க செக் பண்ண வண்டிதானே, என்ன பயம்?"

"அதான் பயம்" என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் மகளைத் தூக்கிக்கொண்டு மெதுவாக இறங்கினாள்.

"மிச்சம் முப்பத்தொம்பது வண்டியில யாருங்க உக்காந்திருக்காங்க?"

எனக்குத் தெரியவில்லை. இந்த ஏழு மாதமும் நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்.