மூன்றாவது பெயர்

திரையில் மூன்றாவதாக ஒரு பெயர் இருந்தது.

கொத்தவரை.

யாரப்பா இது? அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அவளும் அப்பாவும் எழுதுகிற இணையதளம் தன் குழுக்களையெல்லாம் காலையில் ஒன்றாக இணைத்துவிட்டது. ஒரே கைபேசி எண்ணில் திறந்த கணக்குகள் ஒரே ஆளுடையவையாம். யாரைக் கேட்டுச் செய்தார்களோ.

முதல் பெயர் அப்பாவுடையது. மாடித்தோட்டக் குழு. ஓடிபி என்றாலே மோசடி என்று அலறுகிறவர். அதனால் அவள்தான் தன் எண்ணில் திறந்து கொடுத்திருந்தாள்.

இரண்டாவது அவளுடையது. மனம்விட்டுப் பேசும் குழுவில் 'நீர்க்காகம்'.

அங்கே அவள் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். நிச்சயமான கல்யாணத்தை வேண்டாம் என்றால் அப்பா தாங்குவாரா?

இப்போது அப்பாவின் டேப்லெட்டிலும் இதே மூன்று பெயர்கள் இருக்கும். தொட்டால் போதும், எல்லாம் திறந்துகொள்ளும்.

அவள் பெயருக்குப் பக்கத்தில் 'பிரித்துவிடு' என்றொரு பொத்தான் இருந்தது. உடனே அழுத்தியிருக்கலாம். அந்தக் கொத்தவரை விட்டால்தானே.

தொட்டாள்.

அதுவும் அவளுடைய குழுவில்தான் இருந்தது. எழுதியது ஒரே ஒரு பதில், அவளுடைய கேள்விக்கு. யாரோ புண்ணியவான் என்று நினைத்து அவள் பலமுறை படித்த பதில்.

'தாங்குவார் அம்மா. என் மகளும் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறாள். வாயைத் திறந்து சொல்ல மாட்டாளா என்றிருக்கிறது. நானாகக் கேட்டால், எனக்காகச் சரி என்று சொல்லித் தொலைப்பாள்.'

ஒருநாள் அப்பா ஓடிபி கேட்டார். எதற்கென்று கேட்காமலே அவள் படித்துச் சொன்னாள். அது இதற்குத்தானா?

நீர்க்காகம் யாரென்று தெரிந்து எழுதினாரா? தெரியாமலா?

கூடத்திலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏம்மா, கணக்கெல்லாம் சேர்த்தாச்சுன்னு டேப்லெட்டுல என்னமோ வந்திருக்கு. உன்னுதும் இருக்கும்போல. நான் பார்க்கலாமா?"

பெயர்ப் பட்டியலுக்குத் திரும்பினாள். விரல் 'பிரித்துவிடு' பொத்தானுக்கு மேலேயே நின்றது.

பிறகு கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடத்துக்குப் போனாள். டேப்லெட்டை மடியில் குப்புறப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் அப்பா.

"ரெண்டாவது பேரைத் தொடுங்கப்பா."

அவர் கண்ணாடியைத் தேடினார். சோபாவில் தடவினார், சட்டைப்பையில் பார்த்தார்.

அது நெற்றியில்தான் இருந்தது. அவளே இறக்கிவிட்டாள்.