தட்டில் ஒரு விரல்

ஓட்டலின் டிஸ்கோவுக்குள் இருந்தவர்கள்: டி.ஜே. கூண்டில் அவன். அவன் மனைவி இவாஞ்சலின். பாரில் எலுமிச்சை நறுக்கிக்கொண்டிருந்த சபீர். ஆடுதளத்தில் ஒரு பிறந்தநாள் கூட்டம், அதில் ஆடத் தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே தார் உருகும் வெயில். உள்ளே திரை இழுத்துவிட்டு இரவாக்கியிருந்தார்கள்.

அவள் பாட்டுப் போட்டு முடித்தாயிற்று. இனி அவன் முறை.

பையிலிருந்து கறுப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்தான். பல்லால் ஒரு துண்டு கிழித்து, பாட்டு இயந்திரத்தின் சிங்க் பொத்தான்மேல் ஒட்டினான். ஓடுகிற பாட்டின் தாளத்தோடு வருகிற பாட்டின் தாளத்தைத் தானாகவே சேர்த்துவிடும் பொத்தான் அது. எந்த ஊர், எந்த ஓட்டல் என்றாலும் அதை மூடுவதுதான் அவனுக்கு முதல் வேலை.

பாரிலிருந்து சபீர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊரே அதை அமுக்கிட்டு ரெண்டு கையையும் தூக்கி ஆடுது. உங்களுக்கு மட்டும் என்ன பாஸ், வேண்டுதலா?"

"அது நடைவண்டிடா. நடக்கத் தெரியாதவனுக்கு."

இவாஞ்சலின் தண்ணீர் குடித்தாள். கூண்டைவிட்டு வெளியே போகவில்லை.

முன்பெல்லாம் அவன் ஹெட்போனை மாட்டுவதற்குள் அவள் ஆடுதளத்தில் இருப்பாள். அவன் பாட்டுப் போட, அவள் ஆட, கூட்டம் அவளைப் பார்த்து ஆடும். அவளைக் காதலிக்க ஆரம்பித்ததே அந்த உயரத்திலிருந்து பார்த்துத்தான்.

மழைக்காலத்திலிருந்து கால் வலி என்கிறாள். அவனுடைய வலப்பக்கம் வந்து நின்றுகொள்கிறாள்.

அவளுக்குச் சலித்துவிட்டது என்று நினைத்தான். ஆட்டமா, அவனா என்று கேட்கப் பயமாக இருந்தது.

மழைக்காலத்தில்தான் அவனுடைய இடது காது போனது.

நரம்பு என்றார் டாக்டர். திரும்ப வராது என்றார். அவன் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடமும்.

இந்த வேலைக்கு இரண்டு காதும் வேண்டும். ஒரு காதில் ஹெட்போன், வருகிற பாட்டு. மறு காதில் ஸ்பீக்கர், ஓடுகிற பாட்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டு, இயந்திரத்தின்மேல் சுழலும் தட்டை விரலால் தள்ளியோ பிடித்தோ தாளத்தைச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் குதிரை ஓடுவதுபோல் தடதடக்கும்.

அவன் ஒற்றைக் காதால் பழகினான். ஹெட்போனை வைத்துக் கேட்பான். எடுப்பான். கேட்டதை மனதில் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரைக் கேட்பான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வருகிற பாட்டைத் திறந்துவிடுவான்.

ஒருநாளும் குதிரை ஓடவில்லை. பழகிவிட்டோம் என்று உள்ளூரக் கொஞ்சம் திமிர்கூட இருந்தது.

இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு திறந்துவிட்டான்.

பிறந்தநாள்காரனின் நண்பன் எவனோ நுரை ஸ்பிரேயைக் கூண்டுப் பக்கம் அடித்தான். முகத்தில் சில்லென்று விழுந்தது. துடைக்கக் கண்ணைத் திறந்தான்.

தட்டின் விளிம்பில் அவள் விரல் இருந்தது.

அவள் அவனைப் பார்க்கவில்லை. கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் மட்டும் மெல்லத் தள்ளியது. தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் முடியை ஒதுக்குவதுபோல.

பிறகு விரலை எடுத்துத் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

அவன் வலது காதைச் சாய்த்துக் கேட்டான். தாளம் சேர்ந்திருந்தது.

மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான். வேறெங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மழைக்காலத்திலிருந்து ஒவ்வொரு பாட்டும். ஒவ்வொரு ஊரும். அவன் கண்ணை மூடிய ஒவ்வொரு முறையும்.

கண்ணைத் திறந்தபோது குனிந்து அவள் காலைத்தான் பார்த்தான். வலிக்கிறது என்று சொன்ன கால். மேசைக்கடியில், செருப்புக்குள், தாளம் பிசகாமல் ஆடிக்கொண்டிருந்தது.

டேப்பை உரித்தான். விரலில் ஒட்டிக்கொண்டது. பேன்ட்டில் தேய்த்துவிட்டுப் பொத்தானை அழுத்தினான்.

பொத்தானில் விளக்கு எரிந்தது. அடுத்த பாட்டு ஓடுகிற பாட்டோடு போய் ஒட்டிக்கொண்டது. சுத்தமாக. இரண்டு காதும் இருந்தபோது அவன் சேர்த்ததைவிடச் சுத்தமாக. அதை ஒப்புக்கொள்வது நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. கொஞ்சம் கஷ்டமாக இருந்தது.

அவள் விளக்கைப் பார்த்தாள். அவன் வலது காதருகே வந்து கத்தினாள்.

"லூசா நீ? சபீர் பாக்குறான். ஊர் பூரா சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். எனக்குப் பாதிதான் கேக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் கன்னத்தில் மிச்சமிருந்த நுரையைக் கட்டைவிரலால் துடைத்தாள். நுரை போன பிறகும் துடைத்தாள்.

"போ இவா. போய் ஆடு."

"அடுத்த பாட்டு..."

கூண்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தான். தோளைப் பிடித்து அவளை வெளியே விட்டான்.

அவள் திரும்பி நின்றாள். அவனைப் பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தாள். திறந்த கதவு வழியாகக் கையை நீட்டினால் எட்டும்.

கதவைச் சாத்தினான். தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் திருகினான்.