பஸ்ஸில் பக்கத்து இடம்

பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றதிலிருந்தே மகாராணிக்குத் தரையில் கால் பாவவில்லை. அந்தப் பேர் அவள் அம்மா எரிச்சலில் வைத்தது. கடைசி வரிசைக் கும்பலோடு உட்கார்ந்து, நெட்டையின் தோளில் கை போட்டுக்கொண்டு பாட்டுப் பாடிப் போவதாக ஒரு வாரமாகக் கனவு.

பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் வந்து பொத்தென்று விழுந்தது மூக்குறிஞ்சி.

"போன தடவை சோடாபுட்டி, அதுக்கு முந்தி தூங்குமூஞ்சி. இன்னைக்கு நீயா? எனக்குன்னு எங்கேருந்துதான் வந்து சேர்றீங்களோ!"

மூக்குறிஞ்சி மூக்கை உறிஞ்சினாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காருடி. மேல படாதே. உன்னையெல்லாம் யாரு சேத்துக்குவா? அதான் எங்கிட்ட வந்து ஒட்டிக்கிறே."

"சரி."

"என்ன சரி? ரோஷமே கிடையாதா உனக்கு?"

பஸ் கிளம்பியது. பின்னால் பாட்டும் கைதட்டலும் ஆரம்பித்தன. மகாராணிக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூக்குறிஞ்சியின் காலை மிதித்துக்கொண்டு எழுந்து, நேராகக் கடைசி வரிசைக்குப் போனாள்.

"கொஞ்சம் நகருங்கடி, நானும் இங்கேயே உக்காந்துக்கறேன்."

பாட்டு நின்றுபோனது. நெட்டை எழுந்து, முன்பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"ஏய் மூக்குறிஞ்சி! இவளை ஏண்டி எழுந்திரிக்க விட்டே? சீட்டுக் குலுக்கிப் போட்டதுல உன் பேருதானே வந்துச்சு? இன்னைக்குப் பூரா நீதான் இவகூட உக்காரணும்!"

"நான் என்ன பண்ணட்டும்? அவளாத்தான் எழுந்து வந்தா" என்றாள் மூக்குறிஞ்சி.

சொல்லிவிட்டு, காலியான ஜன்னலோரத்துக்கு நகர்ந்து, காலை நீட்டிக்கொண்டாள்.