புரதம் வந்த வழி

“உங்க யூரின்ல புரதம் ஜாஸ்தியா போகுதும்மா. இப்படி இருந்தா உங்க கிட்னியை எடுக்க முடியாது” என்றார் டாக்டர்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. சிறுநீரகம் என்னுடையது. கொடுக்கப்போவது என் தம்பிக்கு. நடுவில் இந்தப் புரதம் எங்கிருந்து வந்தது?

பக்கத்து நாற்காலியில் தம்பி புகழேந்தி உட்கார்ந்திருந்தான். டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிக் கை புடைத்துக் கிடந்தது.

“விடுக்கா, போலாம்” என்றான்.

நான் எழுந்திருக்கவில்லை. நோயில்லாத சிறுநீரகத்திலும் இப்படி வருமா என்று டாக்டரைக் கேட்டேன்.

அவர் ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். யூரோமாடுலின் என்று ஒரு புரதம் உண்டாம். நல்ல சிறுநீரகம் தினமும் அதைச் செய்து சிறுநீரில் விடுமாம். ஃப்ளூ கிருமியைக் கட்டிப்போடும் பொருளைத் தேடிய இரண்டு பேர் எழுபது வருஷத்துக்கு முன்பே அதைச் சிறுநீரில் கண்டுபிடித்திருக்கிறார்கள். கிருமியைப் பிடித்து வெளியே தள்ளும், கல் சேரவிடாது.

தண்ணீரில்லாமல் உடம்பை வருத்தினால், அதே புரதம் உள்ளே உறைந்து சின்னச் சின்ன உருளைகளாக வெளியே வரும். கூடவே வேறு புரதமும் கொஞ்சம் கசியும். பார்க்க நோய் மாதிரியே இருக்கும், ஓய்வெடுத்தால் சரியாகிவிடும் என்றார்.

“டெஸ்ட்டுக்கு முன்னாடி ரொம்ப நடந்தீங்களா?”

நடந்தேனே. கிரிவலம் முழுச் சுற்று, வெறுங்காலோடு. தம்பிக்காக வேண்டுதல். ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுற்றிவிட்டு, நேராக லேபுக்குப் போனேன்.

அதைச் சொன்னதும், “தண்ணி குடிக்கக் கூடாதுன்னு யாருங்க சொன்னது?” என்றார் டாக்டர்.

நான் திரும்பித் தம்பியைப் பார்த்தேன்.

கீழ்பென்னாத்தூர் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் வாத்தியார் அவன். கோயில் வாசலை மிதிக்காதவன். அப்படிப்பட்டவன்தான், தண்ணி குடிக்காம சுத்தினாதான் பலிக்கும்க்கா என்று கெஞ்சிக் கெஞ்சி என்னை அனுப்பி வைத்தான்.

புகழேந்தி தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனை அறையவும் தோன்றியது, கட்டிக்கொண்டு அழவும் தோன்றியது.

“உனக்கு ரெண்டு பசங்க இருக்காங்கக்கா” என்றான் மெதுவாக.

“உன்னையும் சேர்த்து மூணு” என்றேன்.

பிறகு, மறு டெஸ்ட்டுக்கு என்றைக்கு வரலாம் என்று டாக்டரைக் கேட்டேன்.