குண்டன் புதைத்த சோறு

தெருவில் பட்டினி கிடந்த நாய் ஒன்று ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தது. சதை பிடிக்கட்டும் என்று அதற்குக் குண்டன் எனப் பெயர் வைத்தார்கள். மருத்துவர் சொன்னபடி சோறும் முட்டையும் கோழிக்கறியும் பிசைந்து, ஒரேயடியாகப் போடாமல், தினமும் நான்கு வேளை கொடுத்தார்கள். இருபது நாள் கழித்தும் எடை ஏறவில்லை.

"அடுத்த வாரமும் இப்படியே இருந்தால் ஊசிதான்" என்றார் மருத்துவர்.

குண்டன் நடுங்கிக்கொண்டே வீடு திரும்பினான்.

"ஒவ்வொரு வேளையும் காலியாகத்தானே போகிறேன்? நீ தின்பதெல்லாம் எங்கே போகிறது?" என்று கேட்டது அலுமினியக் கிண்ணம்.

"பாதியை முருங்கை மரத்தடியில் புதைக்கிறேன். நாளைக்கு வேண்டுமே."

"நாளைக்கு நான் வரமாட்டேனா?"

"தெருவில் இருந்தபோது டீக்கடைக்காரரும் தினம் பன் போட்டார். ஒருநாள் போனால் கடையே இல்லை."

மரத்திலிருந்த காக்கை குறுக்கிட்டது. "புதைக்கட்டும் விடப்பா. எடை ஏறவில்லை என்று யார் சொன்னது? பறக்க முடியாமல் நான்தானே திணறுகிறேன்."

குண்டன் ஓடிப்போய் மண்ணைக் கிளறினான். ஒரு பருக்கைகூட இல்லை.

அடுத்த வேளை, ஒரு கண்ணை மரத்தின்மேல் வைத்தபடி முழுவதையும் தின்றான். அதற்கடுத்த வேளையும் கிண்ணம் வந்தது. அதற்கடுத்த வேளையும் வந்தது.

அந்த வாரம் கால் கிலோ ஏறியிருந்தது. ஊசி இல்லை.

வீடு வந்த குண்டன் வயிறு நிறைந்ததும், இரண்டு வாய்ச் சோற்றைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டுப் படுத்தான்.

"இதைப் புதைக்கவில்லையா?" என்றது காக்கை.

"நீயே தின்னு" என்றான் குண்டன், கண்ணை மூடியபடி. "சாயங்காலம் மறுபடியும் வரும்."